தில்லைக் கூரையில் ஒரு நாள் மூச்சு

சிதம்பரம் நடராசர் கோயிலின் பொற்கூரைக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். சிற்சபைக்கு மேலே வேய்ந்திருக்கும் பொன் ஓடுகள் 21,600. மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சு அது. ஓடுகளில் அடித்திருக்கும் ஆணிகள் 72,000. யோக நூல்கள் சொல்லும் நாடிகள் அவை. உச்சியில் நிற்கும் ஒன்பது கலசங்களும் உடலின் ஒன்பது வாசல்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் ஆசையாகச் சொல்லும் கணக்கு இது.

நாடியையும் வாசலையும் நம்பிக்கைக்கு விட்டுவிட்டு, மூச்சுக் கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்குச் சரியாக 15 மூச்சு. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார் என்று இன்றைய மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. 15 அந்த வரம்புக்குள் கச்சிதமாக விழுகிறது. பழைய கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை. நாழிகைக்கு 360 மூச்சு. இத்தனை வட்டமாக வரும் எண்ணை, வகுக்க வசதியானது என்பதற்காகவே தேர்ந்தெடுத்திருக்கவும் கூடும். எப்படியிருந்தாலும், யாரோ உட்கார்ந்து மூச்சைக் கவனிக்காமல் இந்த எண்ணின் பக்கத்தில்கூட வந்திருக்க முடியாது.

மூச்சுக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளில் 10,000 லிட்டருக்கு மேல் காற்று நமக்குள் போய் வருகிறது. அதில் எத்தனை மூச்சை நாம் கவனிக்கிறோம்? நகரத்தில் இருப்பவர்கள் ‘மனசே சரியில்லை’ என்று சொல்லும்போது மனத்தைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். உடலியங்கியல் கைகாட்டும் இடம் வேறு. உடல் இடைவிடாமல் மூளைக்குச் சேதி அனுப்புகிறது. இரைச்சலில் அதைத் தவறாகப் படித்துவிடுகிறோம். இதை விளக்கக் கடலூர் மாவட்டத்தில் மூன்று சாட்சிகள் இருக்கின்றன. மூச்சுக்குச் சிதம்பரம், பசிக்கு வடலூர், மூக்குக்குக் கடலூர் சிப்காட்.

இரண்டு பேர் ஓட்டும் வண்டி

இதயத்தை ‘மெதுவாகத் துடி’ என்று அதட்டினால் கேட்காது. குடலும் கேட்காது. உள்ளுறுப்புகளின் வேலைகளில் மூச்சு மட்டும்தான் நம் சொல்லையும் கொஞ்சம் கேட்கும். தூங்கும்போது தானாக ஓடும். விழித்திருக்கும்போது நாமே இழுக்கலாம், நிறுத்தலாம், நீட்டலாம். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அந்த மாதிரி ஏற்பாடு. மூளைத்தண்டில் இருக்கும் ‘ப்ரீ-பாட்சிங்கர்’ என்ற சின்னஞ்சிறு நரம்புக் கூட்டம் மூச்சுக்குத் தாளம் போடுகிறது. 1991-ல் இதை அடையாளம் கண்டார்கள். மூளையின் மேற்புறணி விரும்பினால் அந்தத் தாளத்தில் குறுக்கிடலாம்.

2017-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தக் கூட்டத்துக்குள் சுமார் 175 நியூரான்களை எலிகளில் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவை தாளம் போடுவதில்லை. மூச்சு எப்படிப் போகிறது என்ற தகவலை, மூளையை உஷார்ப்படுத்தும் மையத்துக்குத் தெரிவிப்பது அவற்றின் வேலை. அந்த நியூரான்களை நீக்கியதும் எலிகளின் குணமே மாறிவிட்டது. புது இடத்தில் விட்டால் மூலை முடுக்கெல்லாம் மோப்பம் பிடித்துத் திரிய வேண்டியவை, ஓரிடத்தில் சாவதானமாக உட்கார்ந்து உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. பதற்றம் வந்தால் மூச்சு வேகமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மூச்சு வேகமானாலும் மூளைக்குப் பதற்றச் சேதி போகும் என்பதற்கு இந்த எலிகள் சாட்சி.

உணர்ச்சிக்கும் உடலுக்கும் உள்ள இந்த உறவை 1884-லேயே அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் தலைகீழாகப் போட்டுக் காட்டினார். சோகம் வந்து அழுகிறோம் என்பதல்ல, அழுவதால்தான் சோகத்தை உணர்கிறோம் என்பது அவர் வாதம். அவர் சொன்னது முழுவதும் சரி என்று இன்று யாரும் சொல்வதில்லை. முழுவதும் தவறென்றும் சொல்வதில்லை. கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பில் ஐந்தில் நான்கு பங்கு இழைகள் உடலிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டு போகிறவை. மூளையின் கட்டளையைக் கீழே கொண்டுவருபவை மிச்சம்தான். மேலே போகும் தகவல்கள் காதுக்குச் சற்று உள்ளே, மூளை மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் ‘இன்சுலா’ என்ற பகுதியில் கூடுகின்றன. 2004-ல் ஹ்யூகோ கிரிச்லி குழுவினர், தம் இதயத்துடிப்பைத் தொடாமலே உணரும் திறமை உள்ளவர்களுக்கு வலப்பக்க இன்சுலாவின் முன்பகுதி கூடுதலாக வேலை செய்வதைக் கண்டார்கள். நாடியைப் படிக்கும் அதே இடத்துக்கு உணர்ச்சிகளிலும் பங்கு இருக்கிறது.

லாரன்ஸ் ரோட்டில் ஒரு மாலை

கடலூர் 2021-ல் மாநகராட்சியானது. அதற்கு முன்பே மாநகரத்தின் சத்தம் வந்து சேர்ந்துவிட்டது. திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் மாலை ஆறு மணிக்கு நடந்து போகும் ஒருவரைப் பாருங்கள். ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் போன். பின்னால் வரும் தனியார் பஸ் ஏர் ஹாரனை அழுத்துகிறது. தோள்கள் காதை நோக்கி ஏறுகின்றன, தாடை இறுகுகிறது, மூச்சு ஒரு கணம் நின்றுபோகிறது. பிறகு வயிறு அசையாமல் நெஞ்சின் மேற்பகுதியிலேயே சின்னச் சின்ன மூச்சாக ஓடுகிறது. இதயம் வேகமெடுக்கிறது. பத்து விநாடியில் பஸ் போய்விட்டது. ஏறின தோள் இறங்கவில்லை. அடுத்த நிமிடம் போன் அடிக்கிறது. “வர்றப்போ பால் பாக்கெட் வாங்கிட்டு வந்துடுங்க.” “எத்தனை தடவதான் சொல்லுவ?” என்று வாயில் வருகிறது. வீட்டில் இருப்பவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

பால் பாக்கெட்டில் கோபப்பட ஒன்றுமில்லை. உடல் ‘ஆபத்து’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தச் சேதிக்கு ஒரு காரணம் தேடிய மூளை, கண்முன் கிடைத்ததை எடுத்துக்கொண்டது. நகரவாசியின் எரிச்சல்களில் பலவும் இப்படி முகவரி மாறிப் போய்ச் சேர்பவைதான்.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். ஆக, 95 டெசிபல் ஹாரன் அந்தப் பகல் வரம்பைவிடப் பத்தாயிரம் மடங்கு ஆற்றலோடு காதில் வந்து அடிக்கிறது. ‘பழகிப்போச்சு’ என்று சொல்லிக்கொள்கிறோம். மனம் பழகலாம், இதயம் அவ்வளவு சுலபமாகப் பழகுவதில்லை. ரோட்டோர வீட்டில் ஆண்டுக்கணக்கில் தூங்கிப் பழகியவருக்கும் லாரி கடக்கும்போது தூக்கத்திலேயே இதயத்துடிப்பு ஏறி இறங்குகிறது. காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கியதாகத்தான் சொல்வார்.

2011-ல் ஜெர்மனியின் மான்ஹைம் நகர ஆய்வாளர்கள் சிலரை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, நேரக் கெடுபிடியோடு கணக்குப் போடச் சொல்லி, நடுநடுவே ‘மோசமாகப் போடுகிறீர்கள்’ என்று குறையும் சொன்னார்கள். கிராமத்தில் வசிப்பவர்களைவிட நகரத்தில் வசிப்பவர்களுக்கு, மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா அதிகமாகக் கிளர்ந்தது. நகரம் கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. நகரத்து உடல் சற்றுத் தூக்கிய தோளோடுதான் நாளைத் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

பதினைந்திலிருந்து ஆறுக்கு

தோளை இறக்க வழி? மறுபடியும் மூச்சுக்கே வர வேண்டும். மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும் விடும்போது கொஞ்சம் மெதுவாகவும் துடிக்கும். மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டால் பலருக்கு இது விரலிலேயே தெரியும். வெளிமூச்சின்போது வேகஸ் நரம்பின் பிடி இறுகுவதுதான் காரணம். கழுத்திலும் பெருந்தமனியிலும் ரத்த அழுத்தத்தை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் இதயத்தை மெதுவாக்கும், இறங்கினால் வேகமாக்கும். இந்தச் சுற்று ஒருமுறை முடியச் சுமார் பத்து விநாடி பிடிக்கிறது. மூச்சும் பத்து விநாடிக்கு ஒன்று என்று அமைந்தால், அதாவது நிமிடத்துக்கு ஆறு மூச்சு, இரண்டு அலைகளும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன.

2001-ல் இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழு 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு இந்த ஆறுக்கு ஒரு சுவையான சாட்சி. லத்தீனில் ஜெபமாலை சொன்னபோதும் பௌத்த மந்திரம் சொன்னபோதும் அவர்களுடைய மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறையொட்டி வந்து நின்றது. ரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சைச் செயலும் கூர்மையானது. மதம் வேறு, மொழி வேறு. ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் வரியின் நீளம் ஒன்று. சந்நிதியில் ஓதுவார் ஒரு வரியை இழுத்துப் பாடும்போதும் வெளிமூச்சு இப்படித்தான் நீள்கிறது.

கடலூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் புதுச்சேரி ஜிப்மரில் 90 இளம் மருத்துவத்துறை மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது, 2013-ல் வெளியானது. ஒரு குழு வேகமான பிராணாயாமம், ஒரு குழு மெதுவானது, ஒரு குழு எதுவுமில்லை. பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம். பயிற்சி செய்த இரு குழுவினருமே மன அழுத்தம் குறைந்ததாகச் சொன்னார்கள். இதயத்துடிப்பிலும் ரத்த அழுத்தத்திலும் மாற்றம் தெரிந்தது மெதுவாகச் செய்தவர்களுக்குத்தான்.

செய்முறை எளிது. மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விட வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூடச் செய்யலாம். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. மூச்சை அடக்கித் திணற வேண்டாம். தலை கிறுகிறுத்தால் நிறுத்திவிடலாம். ஆஸ்துமா, இதய நோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அணையாத அடுப்பு

இரண்டாவது சாட்சி, பசி. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ல் பிறந்தவர் வள்ளலார். சிறு குழந்தையாகவே சென்னைப் பட்டணத்துக்கு வந்து, ஏழுகிணறு பகுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர், 1850-களின் கடைசியில் பட்டணத்தை விட்டுத் தெற்கே வந்துவிட்டார். 1867 மே 23 அன்று வடலூரில் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. வருகிறவர்களுக்கு இன்றும் சோறு கிடைக்கிறது.

வள்ளலாரின் அன்னதானம் எல்லோருக்கும் தெரியும். பசியை அவர் எவ்வளவு உன்னிப்பாகக் கவனித்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற நூலில் பசித்தவரின் கண், காது, நாக்கு, தோல், கை கால் என்று ஒவ்வொன்றும் எப்படித் தளர்கிறது என்பதோடு, அறிவும் மனமும் எப்படி மங்கிக் கலங்குகின்றன என்பதையும் வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். பசி வயிற்றின் பிரச்சினை மட்டுமில்லை, புத்தியின் பிரச்சினையும்கூட என்பது அவர் கணிப்பு.

உடல் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்குதான். ஆற்றல் செலவில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் அட்ரினலினும் கார்ட்டிசாலும் ஏறும். ஹாரன் கேட்டபோது ஏறியவையும் இவைதான். 2022-ல் விரேன் சுவாமி குழுவினர் 64 பேரை 21 நாள், நாளுக்கு ஐந்து முறை, எவ்வளவு பசி, எவ்வளவு எரிச்சல் என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். பசி கூடிய நேரங்களில் எரிச்சலும் கோபமும் கூடின, மகிழ்ச்சி குறைந்தது.

அதற்கு முன்பே அமெரிக்காவில் வட கரோலைனா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இன்னும் உள்ளே போய்ப் பார்த்திருந்தது. பசியோடு இருந்த மாணவர்களிடம் சலிப்பான வேலை ஒன்றைக் கொடுத்து, வேண்டுமென்றே கம்ப்யூட்டரை நிற்கவைத்து, பழியை அவர்கள் மேல் போட்டார்கள். பலரும் கொதித்தார்கள். ஆனால் சற்று முன்புதான் உணர்ச்சிகளைப் பற்றி யோசித்து எழுதியிருந்த மாணவர்கள், பசி இருந்தும் அவ்வளவு கொதிக்கவில்லை. தமக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தவர்கள் பசியைப் பசியாகவே படித்தார்கள். மற்றவர்கள் அதை அடுத்தவர் செய்த அநியாயமாகப் படித்தார்கள். ஆபீசில் இரண்டரை மணிவரை சாப்பிடாமல் நடக்கும் மீட்டிங்குகள் ஏன் சண்டையில் முடிகின்றன என்பதற்கு வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

ஆடியவரும் அமர்ந்தவரும்

உடலைப் படிக்கக் கற்க வேண்டுமென்றால் கண்ணை மூடி உட்கார வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். 2008-ல் சஹிப் கல்சா குழுவினர் பல ஆண்டுகள் தியானம் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் இதயத்துடிப்பை உணரும் சோதனையில் உட்காரவைத்தார்கள். தியானிகள் தாங்கள் நன்றாகச் செய்ததாகச் சொன்னார்கள். மதிப்பெண்ணில் வித்தியாசமில்லை. 2018-ல் லண்டனில் நடனக் கலைஞர்களிடம் இதே வகைச் சோதனை நடந்தபோது, அவர்கள் மற்றவர்களை முந்தினார்கள். துடிப்பை உணரும் சோதனைகளின் துல்லியத்தில் ஆய்வாளர்களுக்குள் சச்சரவு உண்டு. இதை வைத்துத் தியானம் வீண் என்று தீர்ப்பெழுத முடியாது. ஆனால் கோபுர வாசலில் 108 நடனக் கரணங்களைக் கல்லில் செதுக்கிவைத்து, 1981 முதல் மகா சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலியும் நடத்தும் சிதம்பரத்துக்கு இந்த முடிவு பெரிய அதிசயமாக இருக்காது. அசையும் உடலே தன்னைப் பற்றி அதிகம் சேதி அனுப்புகிறது. ஆடத் தெரியாதவர்கள் போனைப் பையில் போட்டுவிட்டு நடக்கலாம்.

மூக்கு எழுதிய நோட்டு

இதுவரை சொன்னதெல்லாம் உடலைச் சாந்தப்படுத்தும் கதை. சாந்தப்படுத்தக் கூடாத சேதியும் உண்டு. அதற்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையிலேயே சாட்சி இருக்கிறது. கடலூரைத் தாண்டியதும் உப்பனாற்றை ஒட்டி சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் எல்லாம் அதை ஒட்டிய ஊர்கள். தலைவலி, கண்ணெரிச்சல், குமட்டல் என்று சொல்லிவந்த மக்களுக்கு அதை நிரூபிக்கக் கருவி இல்லை.

2004-ல் ஊர்க்காரர்கள் சிலர் ‘சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்’ என்று குழுவாகி, மூக்கையே கருவியாக்கப் பயிற்சி பெற்றார்கள். நாற்றம் வந்தால் நோட்டில் எழுத வேண்டும். எத்தனை மணி, காற்று எந்தப் பக்கமிருந்து, எதைப் போன்ற வாடை, உடம்புக்கு என்ன செய்தது. அழுகிய முட்டை போல என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டைக்கோஸ் போல என்றால் மெர்காப்டன் வகை என்று சந்தேகிக்கலாம். அடுத்தது பக்கெட். 1990-களில் கலிஃபோர்னியாவில் பிறந்த உத்தி அது. மூடிய பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் ஒரு சிறப்புப் பை; பக்கெட்டின் காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று பைக்குள் வந்து நிறையும். அந்தப் பைகளை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருப்பதாக முடிவு வந்தது. புற்றுநோய் உண்டாக்கக் கூடியவையும் அவற்றில் இருந்தன. மூக்கு சொன்னதை ஆய்வகம் ஆமோதித்தது.

மற்றப் புலன்களின் தகவல் தலாமஸ் என்ற சந்திப்பைக் கடந்துதான் மேலே போக வேண்டும். மோப்பம் அந்தச் சுற்று வழியில்லாமல் அமிக்டலாவை எட்டிவிடும். வாடையோடு அருவருப்பும் பயமும் உடனே கிளம்புவது அதனால்தான். ஆனால் மூக்கு சீக்கிரம் களைத்தும் போகும். அதே வாடையில் சில நிமிடம் இருந்தால் தெரியாமலே போய்விடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டினால் மோப்ப நரம்பே மரத்துவிடும். ஆபத்து உச்சத்தில் இருக்கும்போது நாற்றம் ‘போய்விட்டது’ போலத் தோன்றும். பழகிப்போச்சு என்பது எல்லா நேரமும் நல்ல செய்தியல்ல. நோட்டில் உடனே எழுதச் சொன்னதன் அருமை இங்கேதான் புரிகிறது.

உடலைக் கவனிப்பதிலும் அளவு வேண்டும். நெஞ்சு ஒருமுறை படபடத்தாலே மாரடைப்போ என்று பயந்து இன்னும் படபடப்பவர்கள் உடலைக் குறைவாகக் கேட்பவர்கள் அல்லர். கேட்பதற்கு எல்லாம் பயங்கரமான பொருள் சொல்லிக்கொள்பவர்கள். அவர்களுக்கு உதவி தேவை, மருத்துவரிடம் போவதில் வெட்கமில்லை.

மற்றவர்கள், எரிச்சல் தலைக்கேறும்போது மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம். மூச்சு எங்கே ஓடுகிறது, நெஞ்சிலா வயிற்றிலா? கடைசியாகச் சாப்பிட்டது எப்போது? சுற்றிலும் என்ன சத்தம், என்ன வாடை? முதல் இரண்டுக்கும் மருந்து நம் கையிலேயே இருக்கிறது; ஐந்து நிமிடமும் இரண்டு இட்லியும் போதும். மூன்றாவது கேள்விக்கு நிமிடத்துக்கு ஆறு மூச்சு பதிலாகாது. ஏர் ஹாரனுக்குப் போக்குவரத்துப் போலீசும், ஆலைப் புகைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பதில் சொல்ல வேண்டும். தேதி, நேரம், காற்றின் திசையோடு எழுதிக் கொடுத்தால் தட்டிக்கழிப்பது கடினம்.